குடவோலை எழுதிய ஊரில் "எந்த ஊர்?" என்ற கேள்வி

(உத்திரமேரூரில் நடைபெற்ற இளைஞர் - வணிகர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

  

என்னை இங்கே அழைத்தவர்கள் முதலில் வேறு தலைப்புத்தான் கொடுத்தார்கள். ஆனால் மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, பஜாரில் ஒரு சகோதரரின் கடையில் தேநீர் அருந்திக் கொண்டிருந்தபோது, அவருடைய மகன் ஒரு செய்தியைச் சொன்னார். பட்டப்படிப்பு முடித்த பிள்ளை. கடையில் தகப்பனாருக்கு உதவியாக இருக்கிறார். 2022 பிப்ரவரியில் பேரூராட்சித் தேர்தல் வந்தபோது, தெருவில் சாக்கடை ஓடுகிறது, விளக்கு எரியவில்லை, நாமே நின்று பார்க்கலாமே என்று நினைத்திருக்கிறார். நண்பர்களும் ஊக்கப்படுத்தியிருக்கிறார்கள். மனு வாங்கப் போகும் முதல் நாள், தெருவில் ஒரு பெரியவர் சிரித்துக் கொண்டே கேட்டாராம்: "தம்பி, நீங்க பிழைக்க வந்தவங்கதானே? உங்க தாத்தா எந்த ஊரு?"

அத்தோடு அந்தப் பிள்ளை மனு வாங்கப் போகவே இல்லை. கேட்டவர் பகைமையோடு கேட்கவில்லை, வழக்கமாகக் கேட்பதைத்தான் கேட்டார். அந்தக் கேள்வி ஒரு படித்த இளைஞனைக் கடைக்குள்ளேயே திருப்பி அனுப்பிவிட்டது. ஆகவே கொடுத்த தலைப்பை ஒதுக்கி வைத்துவிட்டு, "வந்தவர்" ஒருவர் சட்டமன்றத்தில் என்ன ஆனார் என்பதைப் பற்றிப் பேசப் போகிறேன். அவர் நம் சமுதாயத்தவர் அல்லர். ஆனால் அவர் பெயரை இந்த மண்ணே சுமந்திருந்தது. இந்தக் காஞ்சிபுரம் மாவட்டத்திற்கு முன்பு என்ன பெயர்? நரைத்த தலைகள் சொல்லட்டும். செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம்! 1997-ல் மாவட்டங்களிலிருந்து தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிக்கப்படும் வரை உங்கள் ரேஷன் கார்டுகளில் அந்தப் பெயர்தானே இருந்தது?

அந்தப் பெயருக்கு உரியவர் 1917 ஜனவரி 17-ல் பிறந்தது காஞ்சிபுரத்தில் அல்ல, சென்னையில் அல்ல, தமிழ்நாட்டிலேயே அல்ல. இலங்கையில், கண்டிக்கு அருகே நாவலப்பிட்டியில். பெற்றோர் கேரளத்தவர். தாய்மொழி மலையாளம். தகப்பனார் காலமானதும் தாயார் சத்தியபாமா பிள்ளைகளோடு கடல் கடந்து வந்து கும்பகோணத்தில் தங்கினார். யானையடிப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதற்கு மேல் படிக்க வைக்க வீட்டில் சோறு இல்லை. அண்ணனும் தம்பியும் நாடகக் கம்பெனிக்குப் போனார்கள். 1936-ல் 'சதிலீலாவதி' படத்தில் சிறு வேடம். அதன் பிறகு சினிமாவில் நடந்ததெல்லாம் எனக்கு முன்பே உங்களுக்குத் தெரியும். குலேபகாவலியும் அலிபாபாவும் பாக்தாத் திருடனும் நம் வீட்டுப் பெரியவர்கள் வீட்டுக்குத் தெரியாமல் போய்ப் பார்த்த படங்கள். 1974-ல் 'சிரித்து வாழ வேண்டும்' படத்தில் அவர் அப்துல் ரகுமானாக வந்தபோது தியேட்டரில் தொப்பிகள் எத்தனை என்று எண்ணியவர்கள் யாரும் இல்லை! அதை விட்டுவிடுவோம். நான் பேச வந்தது சினிமா அல்ல, சட்டமன்றம்.

அதற்கு முன், நாம் எந்த ஊரில் நின்று கொண்டு இதைப் பேசுகிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது.

இங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கி.பி. 919, 921 என்று ஆண்டு சொல்கிறார்கள். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, ஒரு சிறு பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்லி, ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் என்று ஆட்களைத் தேர்ந்தெடுத்த வரலாறு. பாராளுமன்றத்தில் பேசுகிறவர்கள் எல்லாம் உத்திரமேரூரை மேற்கோள் காட்டுகிறார்கள். நமக்கும் அது பெருமைதான். ஆனால் யார் பெயரைக் குடத்தில் போடலாம் என்று அந்தக் கல்வெட்டு சொல்வதை நம் இளைஞர்கள் எத்தனை பேர் படித்திருக்கிறீர்கள்?

வரி கட்டும் கால் வேலி நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். வயது 35-க்குக் குறையாமலும் 70-க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். அது பிராமணர்களுக்குத் தானமாக அளிக்கப்பட்ட ஊரின் சபை. ஆகவே அந்தக் குடத்தில் உங்கள் ஓலையும் இருந்திருக்காது, என் ஓலையும் இருந்திருக்காது, இந்த ஊரில் ஏர் பிடித்த பெரும்பாலான மக்களின் ஓலையும் இருந்திருக்காது. இது குறை சொல்வதற்காக அல்ல. அந்தக் காலம் அப்படி. அதே கல்வெட்டில் இன்னொரு விதி இருக்கிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி வர முடியாது. அவன் மட்டுமல்ல, அவனுடைய அத்தை மகன், மாமன் மகன், மைத்துனன், மருமகன் வரை வர முடியாது! இந்த விதியை இன்றைக்கு அமல்படுத்தினால் எத்தனை நாற்காலி மிஞ்சும் என்று சொல்லி உங்களைச் சிரிக்க வைக்க எனக்கு விருப்பம் இல்லை. "கணக்கு" என்ற அந்தச் சொல்லை மட்டும் மனதில் வைத்துக் கொள்ளுங்கள். மறுபடியும் வரும்.

இப்போது இன்றைய சட்டத்தைப் பாருங்கள். கல்வெட்டு சொந்த மனையில் வீடு கேட்டது. 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 20-ஆவது பிரிவில் நேர்மாறாகச் சொல்கிறது. ஒரு தொகுதியில் வீடு சொந்தமாக இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் ஒருவர் அந்தத் தொகுதியில் வசிப்பவராக ஆகிவிட மாட்டார்! யார் வழக்கமாக அங்கே குடியிருக்கிறாரோ அவர்தான் வாக்காளர். வாடகை வீட்டில் இருந்தாலும் சரி, கடைக்கு மேலே ஒரு அறையில் இருந்தாலும் சரி. ஆயிரத்து நூறு ஆண்டுகளில் மனையிலிருந்து மனிதனுக்கு வந்து சேர்ந்திருக்கிறது சட்டம். தேநீர்க் கடையில் நான் பார்த்த பிள்ளை இதே ஊரில் பிறந்தவர், வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர், 21 வயதைக் கடந்தவர். பேரூராட்சி மன்றத்திற்கு நிற்பதற்கு அவரிடம் தாத்தாவின் ஊரை எந்தச் சட்டமும் கேட்கவில்லை. தெருதான் கேட்டது.

சரி, எம்.ஜி.ஆருக்கு வருவோம். இலங்கையில் பிறந்தவர் எப்படி இந்தியக் குடிமகன் ஆனார்? இந்தக் கேள்வியைச் சிலர் இன்றும் கேலியாகக் கேட்கிறார்கள். விடை அரசியல் சட்டத்தின் 5-ஆவது பிரிவில் இருக்கிறது. 1950 ஜனவரி 26-ல் இந்த நாட்டை நிரந்தர இருப்பிடமாகக் கொண்டிருந்து, இந்த நாட்டில் பிறந்தவராகவோ, தாய் தந்தையரில் ஒருவராவது இங்கே பிறந்தவராகவோ, அதற்கு முன் ஐந்தாண்டுகள் இங்கே வசித்தவராகவோ இருந்தால் போதும். அவருக்கு இரண்டாவதும் பொருந்தியது, மூன்றாவதும் பொருந்தியது. அந்தப் பிரிவில் மதம் என்ற சொல்லே இல்லை, சகோதரர்களே! மொழி என்ற சொல்லும் இல்லை.

ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். அந்தத் தாய் கப்பல் ஏறாமல் அங்கேயே இருந்திருந்தால்? 1948-ல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தபோது மலையகத்தில் இந்திய வம்சாவளியினர் இலட்சக்கணக்கில் நாடற்றவர்களாக நின்றார்கள். 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதர்களை மூட்டை எண்ணுவதுபோல் எண்ணிப் பிரித்தார்கள். எஞ்சிய 1,50,000 பேரை என்ன செய்வது என்பதைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்று விட்டார்கள்! ஒரு விதவைத் தாய் எந்தக் கரையில் இறங்கினாள் என்பதில்தான் ஒரு பிள்ளை முதலமைச்சர் ஆவதும் நாடற்றவன் ஆவதும் இருந்திருக்கிறது.

1953-ல் அவர் தி.மு.க.வில் சேர்ந்தார். 1962-ல் சட்ட மேலவை உறுப்பினர் ஆனார். அதுதான் முதல் படி. இரண்டே ஆண்டுகளில், 1964-ல், கட்சிக்குள் எழுந்த மனக்கசப்பில் அந்தப் பதவியை விட்டார். அதே 1962 பொதுத் தேர்தலில் காஞ்சிபுரத்தில் என்ன நடந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். பேரறிஞர் அண்ணா, காஞ்சியில் பிறந்து, காஞ்சித் தெருக்களில் வளர்ந்த அண்ணா, சொந்த ஊரிலேயே தோற்றார்! 1967-ல் பெருந்தலைவர் காமராஜர் விருதுநகரில், பிறந்த மண்ணில், ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். மண்ணின் மைந்தர்களை மண்ணே தோற்கடித்த அதே 1967-ல், நாவலப்பிட்டியில் பிறந்தவர் இந்தச் செங்கற்பட்டு மாவட்டத்துப் பரங்கிமலைத் தொகுதியில் 27 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். அதுவும் எப்படி? ஜனவரி 12-ஆம் தேதி கழுத்தில் குண்டு பாய்ந்து, மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடி. கழுத்தில் கட்டுப் போட்ட அந்தச் சுவரொட்டியைப் பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள். வாக்குச் சாவடியில் யாரும் அவருடைய தாத்தா எந்த ஊர் என்று கேட்கவில்லை.

கேட்டது எப்போது தெரியுமா? அவர் பகையான பிறகு! 1972 வரை அவர் திராவிட இயக்கத்தின் செல்லப் பிள்ளை. 1971-லும் பரங்கிமலையில் வென்றார். 1972 அக்டோபர் 8-ல், இதோ பக்கத்தில், திருக்கழுக்குன்றத்தில் நடந்த கூட்டத்தில் அவர் ஒரு கோரிக்கை வைத்தார். கட்சிப் பொறுப்பில் இருப்பவர்கள் சொத்துக் கணக்குக் காட்ட வேண்டும் என்றார். கணக்கு! கல்வெட்டு இருக்கும் ஊருக்கும் அவர் அதைக் கேட்ட ஊருக்கும் இடையே எத்தனை கல் தொலைவு? இரண்டு நாளில், அக்டோபர் 10-ல், கட்சியிலிருந்து தற்காலிகமாக நீக்கப்பட்டார். அக்டோபர் 17-ல் புதுக் கட்சி. அதற்குப் பிறகுதான் மேடைகளில் "மலையாளி" என்ற சொல் கேட்கத் தொடங்கியது. கணக்குக் கேட்கும் வரை நம்மவர், கேட்டதும் வந்தவர். வணிகர்களே, உங்களுக்கு இது புதிதா? சந்தா கேட்டு வரும்போது "நம்ம பாய்" என்பார்கள். கடை வாடகைத் தகராறு என்று போய் நின்றால் "நீங்க எந்த ஊரு பாய்?" என்பார்கள்.

அந்த ஆண்டு நவம்பர், டிசம்பரில் சட்டமன்றத்தில் நடந்ததை இளைஞர்கள் தேடிப் படிக்க வேண்டும். சபாநாயகர் மதியழகன், ஆளுங்கட்சியால் அமர்த்தப்பட்டவர், எம்.ஜி.ஆர். பக்கம் சாய்ந்தார். சபையை ஒத்திவைத்து, முதல்வர் மக்களிடம் போய்த் தீர்ப்புக் கேட்கட்டும் என்ற பாணியில் பேசினார். டிசம்பர் 2-ல் சபை கூடியபோது சபாநாயகர் நாற்காலிக்குப் பக்கத்திலேயே இன்னொரு நாற்காலி போட்டுத் துணை சபாநாயகர் சீனிவாசன் உட்கார்ந்தார். ஒரே சபை, இரண்டு தலைமை! இவர் ஒருவரை அழைக்க, அவர் ஒருவரை அழைக்க, மதியழகன் நீக்கப்பட்டார். எம்.ஜி.ஆர். மீது செருப்பு வீசப்பட்டது. "சட்டமன்றம் செத்துவிட்டது" என்று சொல்லிவிட்டு வெளியேறினார் அவர்.

அவர் அந்தச் சபைக்குத் திரும்பியது 1977-ல், முதலமைச்சராக. 234 இடங்களில் 130 அவருடைய கட்சிக்கு. அவர் நின்றது அருப்புக்கோட்டை. 1980-ல் மதுரை மேற்கு. 1984-ல் ஆண்டிபட்டி, அதுவும் அமெரிக்காவில் புரூக்ளின் மருத்துவமனையில் படுத்துக் கொண்டே. பரங்கிமலை, அருப்புக்கோட்டை, மதுரை, ஆண்டிபட்டி. எந்த ஊரும் அவர் ஊர் இல்லை, ஆகவே எல்லா ஊரும் அவர் ஊர் ஆயிற்று. எழுத்தாளர்கள் சிலர் அவருக்குக் கொங்கு நாட்டில் பூர்வீகம் தேடிப் பிடித்துப் புத்தகம் எழுதினார்கள். என் தாழ்மையான கருத்து, அது தேவையே இல்லாத வேலை. மக்கள் மூன்று தேர்தலில் தீர்ப்புச் சொன்ன பிறகு பரம்பரைச் சான்றிதழ் எதற்கு? அப்படிச் சான்றிதழ் தேடத் தொடங்கினால், கேட்டவர் கேட்டது சரிதான் என்று ஒப்புக் கொண்டதாகிவிடும். நம்மிலும் சிலர் "நாங்கள் அரபு வணிகர் வழி" என்றும், சிலர் "இல்லை, இந்த மண்ணில் மதம் மாறியவர்கள்தான்" என்றும் விவாதித்து நேரத்தைக் கழிக்கிறோம். இரண்டில் எதுவாக இருந்தால் என்ன, வாக்குச் சீட்டில் அதற்குக் கட்டம் இருக்கிறதா?

அவர் ஆட்சியை நான் புகழ்ந்து தள்ளப் போவதில்லை. நல்லதும் உண்டு, அல்லாததும் உண்டு.

1978-ல் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை அரசாணை ஆக்கியது, வீட்டில் மலையாளம் பேசிய தாயின் மகன்தான். 1981-ல் மதுரையில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு, தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம். 1982 ஜூலை 1-ல் சத்துணவுத் திட்டம். கும்பகோணத்தில் பசித்த பிள்ளை அதை மறக்கவில்லை.

நம் சமுதாயத்திற்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இளைஞர்கள் இதை அறியாமல் இருக்கிறீர்கள். 1979-ல் அவர் அரசு ஓர் ஆணை போட்டது. ஆண்டு வருமானம் 9,000 ரூபாய்க்கு மேல் உள்ள குடும்பத்தாருக்குப் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு கிடையாது என்றது. லெப்பை, ராவுத்தர், மரைக்காயர், தக்னி என்று பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்த நம் மக்களையும் அது பாதித்தது. சின்னக் கடை வைத்திருந்தவர் பிள்ளையும் வெளியே! 1980 ஜனவரி பாராளுமன்றத் தேர்தலில் மக்கள் பதில் சொன்னார்கள். 39-ல் இரண்டே இடம். பிப்ரவரியில் அவருடைய ஆட்சியும் கலைக்கப்பட்டது. தோற்ற மனிதர் என்ன செய்தார்? பிடிவாதம் பிடிக்கவில்லை. வருமான வரம்பை விலக்கிக் கொண்டார். அதோடு நில்லாமல் 31 சதவீதமாக இருந்த ஒதுக்கீட்டை 50 ஆக உயர்த்தினார். அந்த 50 தான் 1989-ல் 30 என்றும் 20 என்றும் பிரிந்து, 2007-ல் அந்த 30-க்குள்ளிருந்து முஸ்லிம்களுக்கென்று 3.5 சதவீதம் தனியாகக் கிடைத்தது. இன்று கல்லூரியில் அந்த இடத்தில் சேரும் நம் பிள்ளைக்கு, அதன் பின்னால் 1980-ல் ஒரு தேர்தல் தோல்வி இருக்கிறது என்பது தெரியுமா? வாக்கு என்பது அப்படி வேலை செய்யும் பொருள். போட்ட அன்று தெரியாது.

இனி மறுபக்கம். "சட்டமன்றம் செத்துவிட்டது" என்று வருந்திச் சொன்னவரின் ஆட்சியில் அந்தச் சபைக்கு என்ன நடந்தது? 1986-ல் சட்ட மேலவை ஒழிக்கப்பட்டது. எந்தப் படியில் கால் வைத்து உள்ளே வந்தாரோ அந்தப் படியையே எடுத்துவிட்டார்! காரணம் என்ன? மேலவைக்கு நியமிக்கப்பட்ட ஒரு நடிகை நீதிமன்றத்தால் திவாலானவர் என அறிவிக்கப்பட்டவர் என்ற பிரச்சினை எழுந்தது. மஞ்சள் கடுதாசி கொடுத்தவர் சபையில் உட்கார முடியாது என்பது அரசியல் சட்டம். வணிகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்தத் தலைகுனிவைத் தொடர்ந்து மே மாதம் தீர்மானம், நவம்பர் 1-ல் மேலவையே இல்லை. ஒரு நியமனத்தில் ஏற்பட்ட தவறுக்கு ஒரு சபையையே பலி கொடுத்தது எனக்கு இன்றுவரை உடன்பாடு இல்லாத செயல்.

அதே 1986 டிசம்பரில், இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் அரசியல் சட்டத்தின் மொழிப் பகுதி நகலை எரித்தார்கள் என்று பேராசிரியர் அன்பழகன் உட்படத் தி.மு.க. உறுப்பினர்கள் 10 பேரின் பதவி பறிக்கப்பட்டது. 1987-ல் ஒரு நகைச்சுவைத் துணுக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியருக்குச் சபை மூன்று மாதச் சிறைத் தண்டனை விதித்தது. நாடெங்கும் கண்டனம் எழுந்து, சில நாட்களில் விடுதலை செய்தார்கள். வெளியே இருந்து வந்தவர் ஆண்டால் நியாயமாகத்தான் ஆள்வார் என்று நான் சொல்லவில்லை. அவரும் மற்றவர்களைப் போலத்தான் ஆண்டார் என்கிறேன். அவரை எடை போட வேண்டியது அவர் செய்ததை வைத்து. பிறந்த இடத்தை வைத்து எடை போட்டவர்கள், உண்மையில் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்கத் தவறிவிட்டார்கள். 1987 டிசம்பர் 24-ல் அவர் மறைந்தார்.

சரி, "அவர் சினிமாக்காரர், நட்சத்திரம். எங்களைப் போன்ற கடைக்காரனுக்கு அது நடக்குமா?" என்று பின்வரிசையில் ஒரு தம்பி கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. அவருக்கு முன்பே, சினிமா பேசாத காலத்திலேயே, ஒரு கடைக்காரர் வந்தார். யாகூப் ஹசன் சேட். நாகபுரியில் 1875-ல் பிறந்த கச்சி மேமன். வியாபாரத்திற்காகப் பெங்களூர் வந்து, அங்கிருந்து சென்னை வந்தவர். தமிழ் அவருக்குத் தாய்மொழி அல்ல. 1916 லக்னோ ஒப்பந்தத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். 1921 பிப்ரவரியில் கிலாபத் இயக்கத்திற்காகக் கோழிக்கோட்டில் கைதாகிச் சிறை சென்றவர். 1937-ல் ராஜாஜி அமைச்சரவையில் பொதுப்பணித் துறை அமைச்சர். இந்த மாகாணத்துச் சாலைக்கும் பாலத்திற்கும் ஏரிக்கும் பொறுப்பான துறை! ஒரு காலத்தில் வைரமேகத் தடாகத்திற்கு ஏரி வாரியம் வைத்த இந்த ஊருக்கு, அந்தத் துறையின் அருமை தெரியாதா? சென்னைக்குப் பிழைக்க வந்த முஸ்லிம் வணிகர் ஒருவர் அந்தப் பொறுப்பில் இருந்தார் என்பதை நம் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக் கொடுத்தோம்?

கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் அவர்களையும் இங்கே நினைவுகூராமல் இருக்க முடியாது. திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்த தமிழர். 1946 முதல் 1952 வரை சென்னைச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவர். அரசியல் நிர்ணய சபையில் ஆட்சிமொழி பற்றிய விவாதம் வந்தபோது தமிழின் தொன்மையை எடுத்துச் சொன்னவர். அவரைப் பாராளுமன்றத்திற்கு அனுப்பியது எது? கேரளத்து மஞ்சேரி! 1962, 1967, 1971 என மூன்று முறை. மலையாளத் தாயின் மகனைத் தமிழர்கள் சட்டமன்றத்திற்கு அனுப்பிக் கொண்டிருந்த அதே ஆண்டுகளில், தமிழ்த் தாயின் மகனை மலையாளிகள் பாராளுமன்றத்திற்கு அனுப்பிக் கொண்டிருந்தார்கள். நாட்டின் எந்தத் தொகுதியில் வாக்காளராக இருந்தாலும் மக்களவைக்கு எங்கும் நிற்கலாம் என்பது சட்டம். மஞ்சேரி மக்களும் அவருடைய ஊரைக் கேட்கவில்லை.

கடல் கடந்தும் பாருங்கள். பஷீர் அகமது என்று ஒருவர். அமிர்தசரசில் 1940-ல் பிறந்து, பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானியாகி, 21 வயதில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்குப் போனார். பஸ்ஸில் வேலை பார்த்தார். பிறகு கடை வைத்தார். உங்களைப் போலத்தான், காலையில் ஷட்டரைத் தூக்கி இரவில் இறக்கிய மனிதர். 2003-ல் மாநகர் மன்ற உறுப்பினர். 2007-ல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தின் முதல் ஆசியர், முதல் முஸ்லிம் உறுப்பினர். ஆங்கிலத்திலும் உருதுவிலும் உறுதிமொழி எடுத்தார். 1995-ல் தம் கட்சி மாநாட்டில் அவர் பேசியதன் சாரம், எங்கிருந்து வந்தோம் என்பது முக்கியமல்ல, சேர்ந்து எங்கே போகிறோம் என்பதே முக்கியம் என்பது. 2009-ல், பதவிக்கு வந்து இரண்டாண்டு முடியுமுன்பே, காலமாகிவிட்டார். 2018-ல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணச் சட்டமன்றத்திற்கு இலங்கையில் பிறந்த லோகன் கணபதி, விஜய் தணிகாசலம் என்ற இரண்டு தமிழர்கள் போனார்கள். அந்தச் செய்தி வந்தபோது தமிழ்நாடே மகிழ்ந்தது. ஒன்டாரியோவில் நம்மவர் நின்றால் மகிழ்ச்சி, உத்திரமேரூரில் வந்தவர் மகன் நின்றால் "எந்த ஊரு?" இது என்ன நீதி?

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போனால் நான் நேர்மையற்றவன் ஆவேன். 1983-க்குப் பிறகு எம்.ஜி.ஆர். பிறந்த அதே தீவிலிருந்து வந்தவர்கள் இன்றும் தமிழ்நாட்டு முகாம்களில் பல்லாயிரக் கணக்கில் இருக்கிறார்கள். இங்கே பிறந்து, இங்கே படித்து, இங்கே பேரப் பிள்ளை கண்டும் வாக்கு இல்லை. 1950 ஜனவரி 26-க்கும் 1987 ஜூலை 1-க்கும் இடையே இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்பது சட்டம். அதைச் சொல்லி நீதிமன்றத்தில் போராடித்தான், மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண்மணி 2024 பாராளுமன்றத் தேர்தலில் முதன்முறையாக வாக்களித்தார். அப்போது அவருக்கு வயது 38! 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் என்ற மூன்று நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு வழி திறந்தது. முஸ்லிமை விட்டது. இலங்கைத் தமிழரையும் விட்டது. 5-ஆவது பிரிவில் இல்லாத மதம் என்ற சொல் அங்கே நுழைந்துவிட்டது. நாம் நமக்காக மட்டும் அதை எதிர்த்தோம் என்று யாரும் சொல்லக் கூடாது. முகாமில் இருக்கும் அந்த இந்துத் தமிழனுக்காகவும் கிறிஸ்தவத் தமிழனுக்காகவும் சேர்த்தே நம் குரல் இருக்க வேண்டும்.

நேரமாகிவிட்டது. செங்கற்பட்டுக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் இருக்கிறீர்கள். வேலையைச் சொல்லிவிட்டு முடித்துக் கொள்கிறேன். வாசலில் மேசை போட்டு மூன்று சகோதரர்கள் வாக்காளர் பட்டியலோடு உட்கார்ந்திருக்கிறார்கள். கடையில் வேலை பார்க்கும் வெளியூர்ப் பிள்ளைகள் உட்பட, இங்கே வழக்கமாகக் குடியிருக்கும் 18 வயது நிறைந்த ஒவ்வொருவரும் தம் பெயரைப் பார்த்துவிட்டுப் போங்கள். பெயர் இல்லை என்றால் படிவம் 6. பெயரிலோ முகவரியிலோ பிழை என்றால் படிவம் 8. "முஹம்மது" என்பதை நான்கு விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள், அதைக் கவனித்துத் திருத்துங்கள். பழைய ஊரிலும் பெயர், இங்கும் பெயர் என்று இரண்டு இடத்தில் வைத்துக் கொள்வது குற்றம். ஊர்ப் பாசத்திற்காக அதைச் செய்யாதீர்கள். எங்கே கடை திறக்கிறீர்களோ, எங்கே உறங்குகிறீர்களோ, அங்கே வையுங்கள்.

தேநீர்க் கடைப் பிள்ளை அதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பெயரைச் சொல்லி அவரைச் சங்கடப்படுத்த மாட்டேன். கூட்டம் முடிந்ததும் அந்த மேசையில் நான்காவது நாற்காலி காலியாக இருக்கிறது, படிவம் நிரப்பித் தர ஆள் வேண்டும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். சரி என்றிருக்கிறார்.